ஒரு நிமிடப் படமும் ஒரு வாக்கும்

இந்தியத் தேர்தல் ஆணையம் 1950ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25ஆம் நாள் தோன்றியது. நாடு குடியரசு ஆவதற்கு ஒரு நாள் முன்னரே, குடிமக்களின் விருப்பத்தைக் கேட்டறிதற்கு வேண்டிய அமைப்புப் பிறந்துவிட்டது. அந்நாளே 2011ஆம் ஆண்டு முதல் தேசிய வாக்காளர் நாளாகக் கொண்டாடப்பெற்று வருகிறது. 2022ஆம் ஆண்டு அந்நாளில் ஆணையம் நாடு முழுமைக்கும் ஒரு போட்டியை அறிவித்தது. ‘என் வாக்கே என் எதிர்காலம், ஒரு வாக்கின் ஆற்றல்’ என்பது போட்டியின் பொருள். வினாடி வினா, முழக்கத்தொடர், பாட்டு, சுவரொட்டி, குறும்படம் என அதில் ஐந்து பிரிவுகள் இருந்தன.

முதல் நான்கும் பள்ளிகளுக்குப் பழகியவை. பாட்டும் பேச்சும் இல்லாத பள்ளி விழா எங்கே உண்டு? குறும்படமோ அண்மைக் காலத்து வரவு. முன்னாளில் படம் எடுப்பதென்றால் பெரும்பொருள் வேண்டும், படப்பொறி வேண்டும், படச்சுருள் வேண்டும், அவற்றைக் கையாளக் கற்றவரும் வேண்டும். இன்று ஒரு கைபேசி அத்தனை வேலையையும் செய்கிறது. ஆகவே ஆணையம் வயது வரம்பு எதுவும் வையாமல் எல்லாரையும் அழைத்தது. கல்வி நிறுவனங்களும், கலையைத் தொழிலாகக் கொண்டோரும், விருப்பத்தால் மட்டுமே பயில்வோரும் தனித்தனி வகையினராகப் பிரிக்கப்பெற்றனர். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்ற மொழிகளுள் எம்மொழியிலும் படம் அமையலாம். விதி கடுமையாக இருந்தது ஓரிடத்தில்தான். படம் ஓடும் காலம் ஒரு நிமிடம்.

ஒரு நிமிடத்தில் என்ன சொல்லிவிட முடியும் என்று ஐயுறுவார் உளர். திரைப்படக் கலையின் பிறப்பை அறிந்தவர்க்கு அவ்வையம் எழாது. பிரெஞ்சு நாட்டு லூமியேர் உடன்பிறந்தார் 1895ஆம் ஆண்டு திசம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரில் கட்டணம் பெற்றுக் காட்டிய படங்கள் யாவும் ஒரு நிமிடத்திற்கு உட்பட்டவையே. அவற்றுள் ஒன்றில் ஒரு தொழிற்சாலையின் கதவு திறக்கிறது. வேலை முடித்த பெண்களும் ஆண்களும் வெளியே வருகின்றனர். சிலர் மிதிவண்டியில் விரைகின்றனர். அவ்வளவே நிகழ்ச்சி. ஆயினும் அதனைக் கண்டோர் வியந்தனர். ஒலியுடன் கூடிய திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 நிழற்படங்கள் ஓடுதல் வழக்கம். அக்கணக்கின்படி ஒரு நிமிடத்திற்கு 1,440 நிழற்படங்கள் ஆகின்றன. ஏழு சீரில் ஒரு கருத்தை முற்றச் சொல்லும் குறள்வெண்பாவைப் பெற்ற தமிழர்க்கு, 1,440 நிழற்படங்கள் குறைவாகத் தோன்ற வேண்டியதில்லை.

குடியாட்சியைப் பொருளாகக் கொண்டு இளைஞர்க்குக் குறும்படப் போட்டி வைக்கும் வழக்கம் வேறு நாடுகளிலும் உண்டு. ஐக்கிய நாடுகள் அவை செப்டம்பர் 15ஆம் நாளை உலகக் குடியாட்சி நாளாக 2007ஆம் ஆண்டில் அறிவித்தது. 2008ஆம் ஆண்டில் அந்நாள் முதன்முறையாகக் கொண்டாடப்பெற்றது. அதே ஆண்டில் அமெரிக்க அரசின் வெளியுறவுத் துறை, வேறு சில அமைப்புகளுடன் கூடி, உலக மக்களுக்கு ஒரு போட்டி வைத்தது. ‘குடியாட்சி என்பது…’ என்று தொடங்கி முடிவுபெறாமல் நிற்கும் தொடரை, மூன்று நிமிடத்திற்கு மேற்படாத படத்தால் முடித்துக் காட்ட வேண்டும் என்பது அதன் விதி. நல்ல சூழ்ச்சிதான். எனினும் அவ்வாறு ஒரு தொடரைக் கையிற் கொடுத்தால், இலக்கணம் வகுக்கும் ஆசை எளிதில் வந்துவிடும். குடியாட்சி என்பது உரிமை, குடியாட்சி என்பது சமன்மை என்று பெருஞ்சொற்களை அடுக்கிவிட்டு, பின்னணியில் பறக்கும் பறவையைக் காட்டி முடித்துவிடலாம். இந்தியப் போட்டியின் தலைப்பு அதற்கு இடங்கொடாது. ‘ஒரு வாக்கு’ என்றவுடன் ‘யாருடைய வாக்கு?’ என்னும் வினா எழுகிறது. விடை கூற வேண்டுமானால் ஒரு மனிதரைக் காட்டியே ஆக வேண்டும்.

இந்தியத் தேர்தலுக்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவு பழமையானது. முதற் பொதுத்தேர்தல் 1951ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தொடங்கி 1952ஆம் ஆண்டு பிப்ரவரி வரை நடைபெற்றது. வாக்காளர் 17 கோடிக்கு மேற்பட்டவர். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, எழுத்தறிவு பெற்றிருந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரே. எஞ்சியோர்க்கு அச்சிட்ட அறிக்கையால் பயன் யாது? ஆகவே வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினர். வாக்காளர் சீட்டில் எதுவும் எழுத வேண்டியதில்லை. தமக்கு உகந்த சின்னமுள்ள பெட்டியில் இட்டால் போதும். இம்முறையை மக்களுக்கு விளக்க வானொலியும் திரைப்படமும் துணையாயின. வாக்குரிமை யாது, அதனைப் பயன்படுத்துவோர் கடமை யாது என்பவற்றை விளக்கும் செய்திப்படம் ஒன்று 1951ஆம் ஆண்டில் 3,000-க்கு மேற்பட்ட திரையரங்குகளில் காட்டப்பெற்றது. கதைப்படம் காண வந்த மக்கள், அரசு தங்கள் கருத்தைக் கேட்கப் போகிறது என்னும் செய்தியையும் கண்டு சென்றனர்.

அத்தேர்தலில் நிகழ்ந்த ஒன்று இன்றும் எண்ணிப் பார்த்தற்குரியது. வாக்காளர் பட்டியல் எழுதச் சென்றவர்களிடம் பெண்கள் பலர் தம் பெயரைக் கூற மறுத்தனர். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். பெரும்பாலும் வடநாட்டு மாநிலங்களில் இவ்வாறு நேர்ந்தது. அயலார்முன் பெண் தன் பெயரைச் சொல்லுதல் தகாது என்னும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கிய சுகுமார் சென் அதற்கு உடன்படவில்லை. வாக்கு ஒருவர்க்கு உரியது. ஒருவர் என்றால் அவர்க்குப் பெயர் வேண்டும் என்பது அவர் நிலை. பெயர் கூறுமாறு மீண்டும் கேட்டுப் பார்த்தனர். அதன் பின்னரும் கூறாத ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பெற்றனர். இச்செயல் கொடிது என்று அன்று கூக்குரல் எழுந்தது. அக்கூக்குரலே நன்மை என்று சென் கருதினார். அடுத்த தேர்தலுக்குள் அப்பழக்கம் தேய்வதற்கு அது துணைசெய்யும் என்பது அவர் கணிப்பு. அவர் செய்தது சரியா என்பதைப் பற்றி இன்றும் இருவேறு கருத்துக் கொள்ள இடமுண்டு. முதல் தேர்தலிலேயே 28 இலட்சம் குரல்கள் ஒலியாமற் போனது சிறிய இழப்பன்று. ஆனால் கணவன் பெயராலும் மகன் பெயராலும் பதிவு செய்திருந்தால், வாக்குரிமை பெற்ற பின்னும் அப்பெண்கள் பிறருடைய நிழலாகவே நின்றிருப்பர் என்பதும் மெய். ஒரு பெண் தன் பெயரைத் தன் வாயால் முதன்முறை சொல்லும் காட்சி ஒரு நிமிடத்திற்கு மிகுதியன்று. அந்நிமிடத்தைத் தாங்கும் வலிமை அதற்கு உண்டு.

இனி, இப்பொருளில் படம் எடுக்கப் புகுவோர்க்கு ஓர் இடர் நேர்கிறது. வாக்கைப் பற்றிய படத்தில் வாக்களிப்பைக் காட்ட இயலாது. வாக்குச்சாவடியில் மறைவிடத்திற்குள் வாக்காளர் செய்வதைப் படம் பிடித்தல் சட்டத்திற்கு மாறானது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் நீலப் பொத்தானை அவர் அழுத்துகிறார். சிவப்பு விளக்கு ஒளிர்கிறது. பக்கத்தில் உள்ள கருவியில், அவர் தேர்ந்த சின்னத்தைத் தாங்கிய சீட்டொன்று கண்ணாடிக்குப் பின்னால் 7 நொடி தோன்றி, பின் பெட்டிக்குள் விழுகிறது. அந்த 7 நொடியைக் காணும் கண்கள் அவருடையவை மட்டுமே. வெளியில் இருப்போர் கேட்பது ஓர் ஒலி. முதலாளியும் தொழிலாளியும், கணவனும் மனைவியும், கடன் கொடுத்தவனும் பட்டவனும் அங்கே தனித்தனியாகச் செல்கின்றனர். யாரும் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. மறைவிடம் இல்லையேல், வலியவனுடைய விருப்பமே எல்லாருடைய வாக்காகவும் முடியும்.

ஆகவே படம் எடுப்போர் பள்ளி அறையில் அட்டையால் மறைவிடம் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். அதுவும் அட்டையின் வெளிப்புறம் வரைதான். உள்ளே செல்லுமுன் அம்மனிதர் எவ்வாறு இருந்தார், வெளியே வந்த பின் எவ்வாறு நடந்தார் என்பதைக் காட்டும் திறமே படத்தின் திறம். தள்ளாத முதியவர் ஒருவர் ஊன்றுகோலைச் சுவரில் சார்த்திவிட்டு உள்ளே போகிறார். சார்த்திய கோலையே படம் காட்டிக்கொண்டிருக்கிறது. ஒலி கேட்கிறது. ஒரு கை வந்து கோலை எடுக்கிறது. அதன் விரலில் மை காணப்படுகிறது. இதற்கு ஒரு சொல்லும் வேண்டா. பலர் இவ்விடத்தில் ‘வாக்களிப்போம், நாட்டைக் காப்போம்’ என்று குரல் எழுப்பச் செய்வர். அக்குரல் கேட்டவுடன் காண்போர் உள்ளம் முதியவரை விட்டு மேடைக்குச் சென்றுவிடும்.

ஒரு வாக்கின் ஆற்றலுக்கு மெய்யான சான்று தேடுவோர் கருநாடக மாநிலத்துச் சந்தேமரஹள்ளித் தொகுதியின் 2004ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலை நோக்கலாம். வென்றவர் பெற்றவை 40,752 வாக்குகள்; தோற்றவர் பெற்றவை 40,751. வேறுபாடு ஒன்று. அன்று வாக்களிக்க வராதோர் அத்தொகுதியில் பல்லாயிரவர் இருந்திருப்பர். அவருள் ஒருவர் வந்திருந்தால் இருவரும் சமமாகியிருக்கக் கூடும். இருவர் வந்திருந்தால் முடிவே மாறியிருக்கக் கூடும். வராத ஒருவரைப் பற்றி ஒரு படம் எடுக்கலாம் அன்றோ? அவர் தீயவர் அல்லர், சோம்பரும் அல்லர். கடையைத் திறந்து வைத்துவிட்டு, கூட்டம் குறையட்டும் என்று காத்திருக்கிறார். சுவர்க்கடிகாரம் நகர்கிறது. ஒரு வாடிக்கையாளர் வருகிறார், மற்றொருவர் வருகிறார். மாலையில் கதவை அடைக்கும்போது கையைப் பார்க்கிறார். விரலில் மை இல்லை. வானொலி அந்த எண்களைப் படிக்கிறது. அவரைப் பழிப்பதற்கு எவரும் தேவையில்லை.

வாக்குகள் சமமானால் என்ன செய்வர் என்னும் வினா இங்கே எழும். சட்டப்படி தேர்தல் அலுவலர் திருவுளச்சீட்டு எடுப்பார். இதைக் கேட்டவுடன் தமிழ்நாட்டு மாணவர்க்கு உத்தரமேரூர் நினைவுக்கு வரும். முதற்பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்குவர். ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பிப்பர். வாங்குபவர் ஐந்து விரலும் விரியக் கையை அகல வைத்தே வாங்குவார். சூது இல்லை என்பதை அவை காணச் செய்த ஏற்பாடு அது. எடுப்பதற்குரிய அழகிய காட்சிதான். எனினும் அதனை இன்றைய தேர்தலுக்குத் தாய் என்று பெருமை பேசுதல் பொருந்தாது. அது வாக்கெடுப்பன்று, திருவுளச்சீட்டு. ஓலையில் பெயர் எழுதப்பெறுவதற்கு வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறைநூற் பயிற்சியும் வேண்டும். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஓலை இல்லை. பழமையைப் போற்றுவோர் அதன் அளவையும் அறிந்து போற்றுதல் வேண்டும்.

2022ஆம் ஆண்டுப் போட்டி குறும்படத்திற்குக் கொடுத்த பொருள்களுள் ஒன்று, கையுறைக்கு மயங்காது அறவழியில் வாக்களித்தல். தமிழ்நாட்டார்க்கு இது தொலைவான செய்தியன்று. 2016ஆம் ஆண்டில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரு சட்டமன்றத் தொகுதிகளிலும், 2017ஆம் ஆண்டில் சென்னை இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலிலும், 2019ஆம் ஆண்டில் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் வாக்காளர்க்குப் பணம் வழங்கப்பெற்ற காரணத்தால் ஆணையம் தேர்தலையே நீக்கியது. பின்னர் வேறு நாட்களில் நடத்தியது. ஒரு தொகுதி முழுவதும் தன் பிரதிநிதி இன்றிச் சில திங்கள் இருக்க நேர்ந்தது. பணம் வாங்காதவருடைய வாக்கும் அவற்றோடு சேர்ந்து தள்ளிப்போயிற்று. சட்டத்தின் முன் கொடுப்பவர் மட்டுமன்றிப் பெறுபவரும் குற்றவாளியே. ஓராண்டு வரை சிறையோ தண்டமோ இரண்டுமோ விதிக்கப்பெறலாம்.

இப்பொருளில் படம் எடுப்பவர் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பணம் கொடுப்பவனுக்கு மீசையும் கறுப்புக் கண்ணாடியும் அணிவித்துக் கொடியவனாக்கி விடுகின்றனர். காண்போர் அவன்மேல் வெகுளி கொள்கின்றனர். தம்மைப் பற்றி எண்ணுவதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று வகுத்தார். அவற்றுள் வெகுளி ஒன்று, இளிவரல் மற்றொன்று. தன் நிலை தாழ்ந்ததை உணர்ந்து உள்ளம் சுருங்குவது இளிவரல். வாக்கை விற்பவர் பற்றிய படம் வெகுளியை விட்டு இளிவரலை எழுப்புமாயின் நிலைத்து நிற்கும். தாள்களை வாங்கி அரிசிப் பானைக்குள் மறைக்கிறாள் ஒரு தாய். அருகில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலை நிமிர்ந்து பார்க்கிறாள். இருவரும் பேசவில்லை. வறுமை மிக்க அவ்வீட்டுத் தாயைத் திருடி என்று ஏசுதல் எளிது; ஏசாமல், அவளுக்கு அந்தப் பார்வை எவ்வளவு கனத்தது என்று காட்டுவதே அரிது.

இத்தகைய படத்தை எடுப்பதில் காமிராவுக்கு முன் நிகழ்வதைக் காட்டிலும் அதற்குப் பின்னால் நிகழ்வது மிகுதி. பத்து மாணவர் கூடினால் பத்துக் கதை வரும். ஒன்றைத்தான் எடுக்க முடியும். குரல் பெரியவன் சொன்னதை எடுப்பதா, கைபேசிக்கு உரியவன் சொன்னதை எடுப்பதா, எல்லாரையும் கேட்டுப் பெரும்பான்மைக்கு உடன்படுவதா? உடன்பட்ட பின், தன் கதை தோற்ற மாணவன் விளக்குப் பிடிக்க வருவானா? தோற்றவர் விலகிப் போகாமல் உடனிருந்து உழைப்பது குடியாட்சியின் கடினமான பகுதி. அதனை அறுபது நொடிப் படம் ஒன்று ஒரு வாரத்தில் கற்பித்துவிடும். பள்ளிகளில் வருங்கால வாக்காளர்க்கென 2018ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேர்தல் கல்விக் கழகங்கள் இவ்வகை முயற்சிக்கு ஏற்ற இடம்.

படம் எடுப்பவர்க்கு வாக்கு இல்லாமை ஒரு குறையாகத் தோன்றலாம். நாடு விடுதலை பெற்ற காலந்தொட்டு வாக்குரிமை வயது 21ஆக இருந்தது. அரசியலமைப்பின் 61ஆம் திருத்தம் அதனை 18ஆகக் குறைத்தது. 1989ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பெல்லாம் சனவரி முதல் நாளன்று 18 நிரம்பியிருந்தாரா என்பது ஒன்றே கணக்கு. ஒரு நாள் பிந்திப் பிறந்தவரும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பெற்றதன் பின், சனவரி, ஏப்பிரல், சூலை, அக்டோபர் ஆகிய நான்கு திங்கள்களின் முதல் நாளும் கணக்கிற்குரிய நாளாயின. 17 வயது நிரம்பியவர் முன்னதாகவே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம்; 18 நிரம்பியவுடன் அவர் பட்டியலில் இடம்பெறுவார். அதற்குரிய படிவத்தின் எண் 6. அதில் விண்ணப்பிப்பவரைக் குறித்து முதலில் கேட்கப்பெறுவது அவருடைய பெயர்.